இறந்தவரின் பென்சன் யாரைச் சேரும்?

(சுங்கை பூலோவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன் பேசியவர் சம்பளத்தைப் பற்றிப் பேசினார். அது உயிரோடு இருக்கிறவர்களின் கணக்கு. எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு இறந்தவர்களின் கணக்கு. மங்களமான காரியமில்லை என்று சிலர் முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். குடும்பத்தில் சம்பாதித்தவர் கண்ணை மூடினால், அவர் பெயரில் கட்டிய பணம் யாருக்கு வரும், யாருக்கு வராது, ஏன் வராது என்பதே இன்றைய பேச்சு.

இந்த ஊரைப் பாருங்கள். 1925-இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. அதன் பரிசோதனைத் தோட்டம் இந்தச் சுங்கை பூலோவில்தான் இருந்தது. நம்மவர்கள் வெட்டிப் பார்த்து, நிறுத்துப் பார்த்து, கணக்கெழுதிக் கொடுத்த மரங்களிலிருந்துதான் உலகமெல்லாம் நட்ட நல்ல ரகங்கள் வெளியே போயின. இன்று அந்த நிலத்தில் 2,330 ஏக்கர் குவாசா டாமன்சாரா என்ற நகரமாகிக் கொண்டிருக்கிறது. 2016 டிசம்பரில் இங்கிருந்து ரயிலும் ஓட ஆரம்பித்தது. நிலத்தை நகரமாக்குவது யார் தெரியுமா? ஊழியர் சேமநிதியின் துணை நிறுவனம். அதாவது நம் சம்பளத்தில் பிடித்த பணமும் அந்த முதலில் கலந்திருக்கிறது. மரம் போனது, லயம் போனது. ஆனால் லயத்தில் இருந்த பெண்கள் போய்விடவில்லை. அடுக்கு வீடுகளின் நாலாவது மாடியிலும் ஐந்தாவது மாடியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரைப் பற்றி முதலில் சொல்லுகிறேன்.

இருவரும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள். இருவரின் கணவன்மாரும் பால் வெட்டியவர்கள். சில மாத இடைவெளியில் இருவரும் காலமானார்கள். ஒருவருக்கு மாரடைப்பு, மற்றவருக்குச் சிறுநீரகக் கோளாறு. முதல் அக்காவுக்கு மாதா மாதம் வங்கியில் பணம் விழுகிறது. இரண்டாவது அக்காவுக்கு ஒரு காசு இல்லை. அவர் என்னிடம் வந்து, “தம்பி, என் வீட்டுக்காரரும் அதே மரத்தைத்தானே வெட்டினார்? அதே பெரட்டில்தானே நின்றார்? அவளுக்கு மட்டும் எப்படி?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பழைய காலத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் ஒருவர் செத்தால் அன்று வேலை நிற்கும். லயத்துக்கு லயம் தட்டு ஏந்திப் பணம் சேர்ப்பார்கள். பெரிய கிராணியார் கொஞ்சம் கொடுப்பார், துரை பெட்டிக்குப் பலகை கொடுப்பார். பதினாறாம் நாள் முடிந்ததும் வீட்டைக் காலி செய்யும் பேச்சு வரும். மனைவியும் பேர்போட்டு வேலை செய்தால் வீடு தப்பும், இல்லாவிட்டால் மூத்த பையன் பள்ளிக்கூடத்தை விட்டுக் கத்தியை எடுக்க வேண்டும். சட்டம் ஒன்று இருந்தது. 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம். வேலையின் காரணமாக இறந்தால், ஒரே தடவையாக ஒரு தொகை. அந்தத் தொகை ஆணையரிடம் கட்டப்பட்டு, அவர் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுப்பார். காய்ச்சலில் செத்தவனுக்கு, காசநோயில் செத்தவனுக்கு அதில் இடமில்லை. ஒரே தடவையாக வந்த பணமும் எத்தனை நாள் நின்றது என்பதை நீங்களே அறிவீர்கள். கடைக்காரர் பாக்கி, கருமாதிச் செலவு, அண்ணன் தம்பி கைமாற்று, அவ்வளவுதான்.

1969-இல் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971-இல் சொக்சோ அமைந்தது. அது முதல் நிலைமை மாறியது. ஒரே தடவைத் தொகை போய், மாதப் பென்சன் வந்தது. வேலையால் வந்த சாவு மட்டுமல்ல, எந்த நோயால் வந்த சாவானாலும் குடும்பத்துக்கு வழி பிறந்தது. இந்தச் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் இந்த ஒரு மாற்றம் நம் பெண்களுக்குச் செய்த உபகாரத்தை மறைக்க முடியாது.

இப்போது கவனமாகக் கேளுங்கள். சொக்சோவில் குடும்பத்துக்குப் பணம் வருவதற்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. இரண்டையும் நாம் குழப்பிக் கொள்கிறோம். குழப்பத்தில்தான் பாதி நட்டம்.

முதற் பாதை, வேலை விபத்து. மரத்தடியில் பாம்பு கடித்தாலும், மின்னல் அடித்தாலும், பால் ஏற்றிய லாரி கவிழ்ந்தாலும், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ மோட்டார் சைக்கிளில் அடிபட்டாலும் அது இந்தக் கணக்கில் சேரும். இதற்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் இறந்தாலும் குடும்பத்துக்கு உரிமை உண்டு. சராசரி நாட் சம்பளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கணக்கிட்டுக் கொடுப்பார்கள். மலாயில் இதற்குப் பாயிடா ஓராங் தாங்குங்கான் என்று பெயர். நாம் சார்ந்தோர் உதவி என்போம்.

இரண்டாவது பாதைதான் பென்சென் பெனாக்காட். வாரிசுப் பென்சன் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் சரி, வீட்டில் படுக்கையில் இறந்தாலும் சரி. ஆனால் இதற்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று வயது. இறக்கும்போது அவருக்கு 60 வயது நிறைந்திருக்கக் கூடாது. முன்பு இந்த எல்லை 55 ஆக இருந்தது, 2013 முதல் 60 ஆக்கினார்கள். அவர் ஏற்கெனவே உடல் இயலாமைப் பென்சன் வாங்கிக்கொண்டிருந்தவராக இருந்தால் மட்டும் வயது பார்க்க மாட்டார்கள். இரண்டாவது பூட்டு சந்தா மாதங்கள். முதல் அக்காவுக்கும் இரண்டாவது அக்காவுக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பூட்டில்தான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் யார் யாருக்கு என்பதை முடித்துவிடலாம்.

மனைவிக்கு 5-இல் 3 பங்கு, ஆயுள் உள்ளவரை. பிள்ளைகளுக்கு எல்லோருமாகச் சேர்த்து 5-இல் 2 பங்கு. அந்தப் பங்கை அவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு 21 வயது ஆகும்வரை, அல்லது கல்யாணம் ஆகும்வரை, எது முந்தியோ அதுவரை. பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளையானால் படிப்பு முடியும்வரை நீட்டிக்கலாம். இதைத் தெரியாமல் 21-இல் நின்றுவிட்டது என்று சும்மா இருந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். மகள் அப்போது இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். உடலிலோ மனத்திலோ குறையுள்ள, தானே சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் உண்டு.

இறந்தது மனைவியானால்? நம் தோட்டங்களில் கத்தி பிடித்தவர்களில் பெண்கள் குறைவா என்ன? அவர் பெயரிலும் சந்தா ஓடியிருக்கிறது. ஆகவே கணவனும் அதே 5-இல் 3 பங்குக்கு உரியவன். ஆண்பிள்ளை போய்ப் பெண்டாட்டி பென்சன் கேட்பதா என்று வெட்கப்படுகிறவர்களுக்கு ஒரு சங்கதி. அமெரிக்காவில் 1972-இல் பள்ளி ஆசிரியையாக இருந்த ஒரு பெண் பிரசவத்தில் இறந்துபோனார். கைக்குழந்தையை வளர்க்க அவர் கணவர் உதவி கேட்டார். விதவைத் தாய்க்குத்தான் கொடுப்போம், தகப்பனுக்கு இல்லை என்றது சர்க்கார். அவர் வழக்காடினார். 1975-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவருக்காக வாதாடிய பெண் வழக்கறிஞர் ரூத் பேடர் கின்ஸ்பர்க் பிற்காலத்தில் அதே நீதிமன்றத்தில் நீதிபதியானார். அங்கே வழக்காடி வாங்கியதை இங்கே சட்டம் பாரத்தில் எழுதியே வைத்திருக்கிறது. எழுதிக் கேட்க வேண்டியதுதான்.

கல்யாணம் ஆகாத பையன் இறந்தால்? மனைவியும் பிள்ளையும் இல்லாதபோது, அவன் சம்பாத்தியத்தை நம்பியிருந்த தாய் தகப்பனுக்கு 10-இல் 4 பங்கு ஆயுள் வரை உண்டு. 21 வயதுக்குட்பட்ட, கல்யாணம் ஆகாத தம்பி தங்கைகளுக்கு 10-இல் 3 பங்கு. தாய் தகப்பன் இருவரும் இல்லையென்றால் பாட்டன் பாட்டிக்கு. மோட்டார் சைக்கிள் விபத்தில் வாலிபப் பிள்ளைகளைக் கொடுத்த தாய்மார் நம்மிடையே எத்தனை பேர்! எத்தனை பேர் கேட்டு வாங்கினார்கள்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரிசுப் பென்சன் சராசரி மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு 50-இல் ஆரம்பிக்கிறது. முதல் 24 மாதச் சந்தா போக, அதற்குமேல் ஒவ்வொரு 12 மாதச் சந்தாவுக்கும் ஒரு விழுக்காடு ஏறும். உச்சம் 65. ஒருவர் 144 மாதம் கட்டியிருந்தார், சராசரிச் சம்பளம் 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 144-இல் 24 போக 120. அதில் பத்துப் பன்னிரண்டு. ஆகப் பத்து விழுக்காடு ஏறி 60 ஆகிறது. 1,500-இல் 60 விழுக்காடு 900 வெள்ளி. மனைவிக்கு 540. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 360, ஆளுக்கு 180. பணக்காரத் தொகையல்ல. ஆனால் அரிசிக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் பள்ளிப் பஸ்ஸுக்கும் இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

சரி, இப்போது அந்தப் பூட்டுக்கு வருவோம்.

சட்டம் முதலில் கேட்பது இது: இறப்பதற்கு முந்திய தொடர்ச்சியான 40 மாதங்களில் 24 மாதங்களுக்காவது சந்தா கட்டியிருக்கிறாரா? ஆம் என்றால் முழுப் பென்சன். இல்லையென்றால் வேறொரு கணக்கு. முதன்முதலில் சந்தா ஆரம்பித்த நாளிலிருந்து இறந்த நாள் வரை மொத்தம் எத்தனை மாதம்? அதில் மூன்றில் இரண்டு பங்கு மாதங்களுக்குக் கட்டியிருந்தால் அப்போதும் முழுப் பென்சன். மூன்றில் ஒரு பங்குக்குக் கட்டியிருந்தால் குறைந்த விகிதம், அதாவது 50 விழுக்காடு மட்டும். எந்தக் கணக்கிலும் 24 மாதத்துக்குக் குறையக் கூடாது.

கேட்க எளிதாயிருக்கிறது. இதில் ஒரு முள் மறைந்திருக்கிறது. சந்தா நின்றாலும் அந்தக் கடிகாரம் நிற்பதில்லை! முதல் மாதம் கட்டிய அன்றே ஓட ஆரம்பித்த கடிகாரம், நீங்கள் வேலையை விட்டாலும், காண்டிராக்டரிடம் போனாலும், வீட்டில் படுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது அக்காவின் கணவர் விஷயம் இதுதான். அவர் தோட்ட நிர்வாகத்தின் கீழ் ஐந்து வருடம், 60 மாதம், முறையாக வேலை செய்தார். சந்தா ஓடியது. பிறகு தோட்டம் கைமாறியது. மரம் வெட்டுகிற வேலை ஒரு காண்டிராக்டர் கைக்குப் போனது. சம்பளம் கைக்குக் கைதான். சம்பளச் சீட்டு இல்லை. கேட்டால், “எல்லாம் கட்டுகிறோம்” என்று வாய்வார்த்தை. அப்படியே 15 வருடம், 180 மாதம். மொத்தம் 240 மாதம். மூன்றில் ஒரு பங்கு 80. அவர் பெயரில் இருந்ததோ 60. கடைசி 40 மாதத்தில் ஒன்றுமேயில்லை. இருபது வருடம் பால் வெட்டியவரின் குடும்பத்துக்கு இருபது மாதக் குறைவால் கதவு சாத்திக்கொண்டது. முதல் அக்காவின் கணவரும் காண்டிராக்டரிடம் போனவர்தான். ஆனால் அவர் போன காண்டிராக்டர் சந்தா கட்டினார். வித்தியாசம் அவ்வளவே. மரமும் ஒன்று, கத்தியும் ஒன்று.

அந்தக் காண்டிராக்டரை நான் தேடிப் போனேன். கடையை மூடிவிட்டார், ஆள் இல்லை. உயிரோடு இருக்கும்போதே அவர்மேல் புகார் கொடுத்திருந்தால் சொக்சோ அதிகாரிகள் பாக்கிச் சந்தாவை வசூலிக்க வழி இருந்தது. சந்தா கட்டாத முதலாளி சட்டப்படி குற்றவாளி. ஆனால் செத்தவருக்காகச் சாட்சி சொல்ல அன்று கூட வெட்டியவர்கள் யாரும் முன்வரவில்லை. அவர்களுக்கும் அதே ஆள் வேலை கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களை நான் குறை சொல்லவில்லை. பசி வாயை அடைத்துவிடும். ஆனால் அந்த அக்காவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆகவே தோழர்களே, ஒரு வேலை செய்யுங்கள். அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு சொக்சோ அலுவலகத்துக்குப் போய் உங்கள் சந்தா விவரத்தைக் கேளுங்கள். மாத வாரியாகக் காட்டும். இப்போது கைத்தொலைபேசியிலும் பார்க்கலாம், உங்கள் பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் எடுத்துக் காட்டுவார்கள். உங்கள் சம்பளத்தில் பிடிப்பது சுமார் அரை விழுக்காடு, முதலாளி கட்டுவது சுமார் ஒன்றே முக்கால் விழுக்காடு. பிடித்தது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது உங்கள் உரிமை. வருடத்துக்கு ஒருமுறை தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறோமே, அதுபோல் வருடத்துக்கு ஒருமுறை இதையும் பார்த்துவிட்டால் போதும்.

60 தாண்டிய பிறகும் வெட்டப் போகிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்காக முதலாளி கட்டும் சந்தா வேலை விபத்துக்கு மட்டுமே. 63 வயதில் மரத்தடியில் விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு உதவி உண்டு. வீட்டில் மாரடைப்பு வந்து போனால் வாரிசுப் பென்சன் கிடையாது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நான் சொல்லுவேன். 60-க்குமேலும் உழைக்க வேண்டிய நிலைமையில் இருக்கிறவன் குடும்பத்துக்குத்தானே அதிகத் தேவை? சட்டம் இன்னும் அப்படி நினைக்கவில்லை.

இனி மனைவி என்றால் யார் என்ற கேள்வி. சிரிக்காதீர்கள். இந்தக் கேள்வியில்தான் கவுன்டர் முன்னால் அதிகக் கண்ணீர் விழுகிறது.

நம் நாட்டில் இஸ்லாமியர் அல்லாதாரின் திருமணத்துக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது 1982 மார்ச் 1 முதல் அமலில் உள்ளது. அந்தத் தேதிக்கு முன்னால் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, வழக்கப்படி நடந்த கல்யாணம் செல்லும். அதைச் சட்டமே பதிவானதாகக் கருதிக்கொள்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு நடந்ததைப் பதிய வேண்டும். சில கோயில்களில் குருக்களே துணைப் பதிவாளராக இருக்கிறார். அங்கே தாலி கட்டினால் பதிவும் அங்கேயே ஆகிவிடும். மற்ற இடங்களில் பதிவு இலாகாவுக்குப் போக வேண்டும். மேளம் அடித்தாயிற்று, ஊரெல்லாம் சாப்பிட்டாயிற்று, இனி என்ன பதிவு என்று எத்தனை பேர் விட்டுவிட்டார்கள்! பதியாத ஒரே காரணத்தால் கல்யாணம் செல்லாமற் போகாது என்று அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்லுகிறது. உண்மைதான். ஆனால் பத்திரம் இல்லாதவள் தான் மனைவி என்று நிரூபிக்கும் சுமையைத் தலையில் தூக்கிக்கொண்டு, வேண்டுமானால் நீதிமன்றம் வரை நடக்க வேண்டும். கல்யாணப் படத்தில் மாலையும் கழுத்துமாக நிற்பது யாரென்று கவுன்டரில் இருக்கும் பெண்ணுக்குத் தெரியுமா? இருவரும் உயிரோடு இருக்கும்போது இலாகாவுக்குப் போய்த் தாமதப் பதிவு செய்யலாம். ஒருவர் போன பிறகு கையெழுத்துப் போட யார் வருவார்?

இரண்டாந்தாரம் பற்றிக் கேட்டு ஒரு சீட்டு மேசைக்கு வந்திருக்கிறது. பெயர் போடவில்லை, நானும் கேட்கவில்லை. 1982 மார்ச் 1-க்குப் பிறகு, முதல் மனைவி சட்டப்படி மனைவியாக இருக்கும்போது செய்துகொண்ட இரண்டாவது கல்யாணம் செல்லாது. முதல் மனைவியை விட்டுப் பிரிந்து இருபது வருடம் ஆனாலும், சட்டப்படி விவாகரத்து ஆகாதவரை அவர்தான் மனைவி. கடைசிவரை கஞ்சி வைத்துக் கொடுத்தவர் இன்னொருவராக இருக்கலாம். காய்ச்சலில் கால் பிடித்தவர் இன்னொருவராக இருக்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு அது தெரியாது. எனவே இதைக் கேட்ட சகோதரிக்கு நான் சொல்லுவது, அந்த மனிதரிடம் இன்றிரவே பேசுங்கள், விவாகரத்து முடிந்ததா என்று காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் விஷயமும் அப்படியே. தாய் தகப்பன் கல்யாணம் சட்டப்படி இல்லாதபோது, 1957-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இருவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்திட்டால்தான் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஏறும். தகப்பன் பெயர் இல்லாத பத்திரத்தை வைத்துக்கொண்டு தகப்பன் பென்சனைக் கேட்பது எவ்வளவு சிரமம்! அக்காள் பிள்ளையை, அநாதைப் பிள்ளையைத் தம் பிள்ளையாக வளர்ப்பது நம் லயங்களில் பெரிய தர்மம். அந்தத் தர்மத்துக்கும் காகிதம் வேண்டும். தத்தெடுப்புக்கு 1952-லிருந்தே இந்நாட்டில் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. பிள்ளை சின்னதாக இருக்கும்போதே போய்ப் பதியுங்கள்.

இந்த இடத்தில் ஓர் அயல்நாட்டுச் செய்தி, குறிப்பாகக் கிராணிமார்களுக்காக. விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பென்சன் என்று பெரிய அளவில் காப்புறுதிச் சட்டம் செய்த முதல் நாடுகளில் ஜெர்மனி ஒன்று. ஆண்டு 1911. அதில் ஒரு விசித்திரம். எழுத்து வேலை செய்த ஊழியரின் விதவைக்கு, விதவை என்ற ஒரே காரணத்தால் பென்சன். தொழிற்சாலைத் தொழிலாளியின் விதவைக்கோ, அவளே உழைக்க முடியாத உடம்புக்காரியாக இருந்தால்தான் பென்சன். பேனா பிடித்தவன் பெண்டாட்டி வீட்டில் இருக்கலாம், சுத்தியல் பிடித்தவன் பெண்டாட்டி வேலைக்குப் போகட்டும் என்று அர்த்தம். இந்தப் பேதம் போக 1949 ஆயிற்று. நம் சொக்சோச் சட்டத்தில் கிராணி விதவைக்கும் பால்வெட்டுக்காரர் விதவைக்கும் ஒரே பங்கு, ஒரே நிபந்தனை. இதில் நாம் ஜெர்மனியை விட நன்றாகவே ஆரம்பித்தோம்.

கிராணிமார்களே, நீங்கள் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு எழுத்துப் பிழையால் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் அலைகிறது. அடையாளக் கார்டில் ஒரு எழுத்து, செக்ரோலில் ஒரு எழுத்து, பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு எழுத்து. முனியாண்டி முனியண்டியாகிறார், அஞ்சலை அஞ்சலியாகிறார். வீட்டுப் பெயர் வேறு, பத்திரப் பெயர் வேறு. வேலைக்குச் சேர்ந்த தேதியைத் தோராயமாகப் போட்டு வைக்கிறீர்கள். அந்தத் தேதியில் இரண்டு மாதம் குறைந்தால், 24 என்ற எண் 22 ஆகிவிடும். பேனா உங்கள் கையில் இருக்கும்போது ஒரு நிமிஷம் அடையாளக் கார்டை வாங்கிப் பார்த்து எழுதுங்கள்.

சேமநிதியைப் பற்றி இரண்டு வார்த்தை. அது வேறு, இது வேறு. பலர் சேமநிதியில் பெயர் எழுதி வைத்தால் சொக்சோவும் அவருக்கே என்று நினைக்கிறார்கள். இல்லை. சொக்சோவில் யாருக்குக் கொடுப்பது என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது, நீங்கள் மாற்ற முடியாது. சேமநிதியில் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். இஸ்லாமியர் அல்லாத உறுப்பினர் யார் பெயரை நியமித்தாரோ அவர் பணத்தைத் தமக்கே உரியதாக வாங்கிக்கொள்ளலாம். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா பெயரைப் போட்டீர்கள். சரிதான். பிறகு கல்யாணம், மூன்று பிள்ளைகள். பாரத்தை மாற்றினீர்களா? மாற்றாமல் போனால் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் ஒரு சுவரை எழுப்பிவிட்டுப் போகிறீர்கள். யார் பெயருமே போடாதவர் குடும்பத்துக்கு முதலில் சிறு தொகை கிடைக்கும். மிச்சத்துக்கு அமானா ராயா, நீதிமன்றம் என்று சான்று வாங்க அலைய வேண்டும். பெயர் எழுத ஒரு காலைப் பொழுது போதும்.

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. நம் பக்கத்து நிரையில் வெட்டுகிற இந்தோனேசியத் தோழர்களும், பங்களாதேஷ்த் தோழர்களும் 2019 ஜனவரி முதல் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். 2024 ஜூலை முதல் உடல் இயலாமைத் திட்டத்திலும் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் இங்கே இறந்தால் கடல் தாண்டி ஒரு பெண்ணும் பிள்ளையும் நிற்பார்கள். நம் தாத்தாமார் காலத்தில் நாகப்பட்டினத்திலும் திருச்சியிலும் அப்படி நின்றது நம் பாட்டிமார்தானே? அவர்களுக்குப் பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் நிரப்பிக் கொடுங்கள்.

மற்றது, வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் தாய்மாருக்கு. 2022 டிசம்பர் முதல் இல்லத்தரசிகளுக்கென்று ஒரு தனிச் சட்டத்தின்கீழ் சொக்சோவில் சேரலாம். வருடத்துக்கு 120 வெள்ளி. 18 வயதிலிருந்து 55 ஆகாதவர் வரை. வீட்டில் சமைக்கும்போது விபத்து நேர்ந்தாலும், அந்தத் தாய் இறந்தாலும் குடும்பத்துக்கு உதவி உண்டு. கணவர் சிகரெட்டைப் பத்து நாள் நிறுத்தினால் அந்தப் பணம் வந்துவிடும் என்று ஒரு அம்மா சொன்னார். நான் சொல்லவில்லை, அவர் சொன்னார்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் மணியைப் பார்க்கிறார். அந்த இரண்டாவது அக்கா இன்று இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தன் கதையைச் சொல்லலாம், பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அனுமதி கொடுத்தார். அவருடைய மகன் இப்போது ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். போன மாதம் அவனுடைய சந்தா விவரத்தை எடுத்துப் பார்த்தோம். மூன்று மாதம் விடுபட்டிருந்தது. கம்பெனியில் கேட்டோம், பாக்கியைக் கட்டிவிட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் வாசலுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருக்கிறோம். இரண்டு கிராணிமார்கள் உட்கார்ந்திருப்பார்கள். அடையாளக் கார்டு, கல்யாணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கடைசிச் சம்பளச் சீட்டு, இவற்றில் எது கையில் இருந்தாலும் காட்டுங்கள். கொண்டுவராதவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே இடத்துக்கு வாருங்கள். கல்யாணம் பதியாதவர்கள் தம்பதியாகவே வாருங்கள், தனியாக வந்தால் வேலை நடக்காது.